தானோட்டி மின்சார நெடுஞ்சாலை: மிச்சமாகும் மின்சாரம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

"நெடுஞ்சாலைக்கு மேலே கம்பி கட்டியாச்சு, இல்லேன்னா தாருக்கு அடியில கம்பிச்சுருள், அதாவது காயில், புதைச்சாச்சுன்னு வைங்க. வண்டியை கம்ப்யூட்டர் ஓட்டுது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி வரிசையாப் போகுது. ஜாம் கிடையாது, 160, 200-ல போகலாம். டீசல் வேண்டாம், புகை இல்ல, எரிசக்தி பாதிக்குப் பாதி மிச்சம். இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் எந்த நாடும் பெருசா செய்யல? எண்ணெய்க் கம்பெனிகளோட சதிதானே?"

11 ஜனவரி, இரவு

சதி வரைக்கும் போக வேண்டாம். செய்து பார்த்திருக்கிறார்கள். தென்கொரியாவின் குமி நகரத்தில் 2013-லேயே சாலைக்கு அடியிலிருந்து மின்சாரம் வாங்கும் பேருந்துகள் ஓடின. ஸ்வீடனில் 2016-ல் இ16 சாலையில் 2 கிலோமீட்டருக்கு மேல்கம்பி கட்டினார்கள். 2018-ல் ஆர்லாண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சாலைக்குள் தண்டவாளம் மாதிரி ஒன்றைப் பதித்து லாரியை ஓட்டினார்கள். ஜெர்மனியில் 2019 மே மாதம் ஏ5 ஆட்டோபான் நெடுஞ்சாலையில், ஃபிராங்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடுவில், ஒவ்வொரு திசையிலும் 5 கிலோமீட்டர் கம்பி வந்தது.

அந்த ஏ5 எனக்கு வேலைக்குப் போகும் வழி. வலது ஓரத் தடத்துக்கு மேலே மட்டும்தான் கம்பி கட்டினார்கள். மற்ற தடங்களில் கார்கள் வழக்கம்போலப் பறக்கும். சோதனை நடந்த காலத்தில்கூட, மேலே கை நீட்டிக்கொண்டு கம்பியைத் தொட்டபடி போகும் லாரியைப் பார்ப்பது அபூர்வமாக இருந்தது. ஆரம்பத்தில் சோதனைக்கு விட்டதே ஐந்து லாரிதான்.

கேள்விக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறுவது, அந்த மின்சாரத்தை ஓடும்போதே சாலையிலிருந்து வாங்குவது, வண்டி தானே ஓடுவது. ஒவ்வொன்றின் பலனும் வேறு. "பாதிக்குப் பாதி மிச்சம்" முதல் விஷயத்தின் கணக்கு. அதைத் தூக்கி மூன்றாவதன் கணக்கில் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

12 ஜனவரி

முதல் விஷயம். நல்ல லாரி டீசல் எஞ்சின், எரிபொருளில் இருக்கும் சக்தியில் 40, 45 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். மின் மோட்டார் 85, 90 சதவீதம் கொடுக்கும். வண்டிக்குள் மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி மிச்சம் என்பது நியாயமான பேச்சுதான்.

ஆனால் காற்றுக்கு என்ன ஆகிறது என்பது பவர் ஹவுஸைப் பொறுத்தது. 40 டன் லாரி 100 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 30 லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டருக்கு 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 80 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்த்தால் 90-ஐத் தாண்டும். அதே லாரி மின்சாரத்தில் ஓடினால், வழியில் வீணாவதையும் சேர்த்து சுமார் 145 யூனிட். ஜெர்மன் மின்சாரம் யூனிட்டுக்கு 0.36 கிலோ அளவில் இருப்பதால் 50 கிலோ சொச்சம். ஸ்வீடனில் நீர்மின்சாரமும் அணுமின்சாரமும்தான் பெரும்பங்கு, அங்கே 7 கிலோவைக்கூட எட்டாது. இந்தியாவில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, அதனால் 100 கிலோ. டீசலோடு இழுபறி.

ஒரே கம்பி, ஒரே லாரி. ஸ்வீடனில் அருமருந்து, இந்தியாவில் இன்றைய நிலையில் புகை ஊர் மாறுகிறது, அவ்வளவுதான். ஊர் மாறுவதும் சின்ன விஷயமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவரின் நுரையீரலுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதை "புகையே இல்லை" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

12 ஜனவரி, பின்னிரவு

சேலத்து நண்பர் கேட்டது: ரயிலுக்கு மேலே ஒரே கம்பிதானே, லாரிக்கு ஏன் இரண்டு? ரயிலில் போன மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். லாரி நிற்பது ரப்பரில், திரும்ப வழியில்லை. அதனால் போக ஒன்று, வர ஒன்று. லாரியின் தலையிலும் இரண்டு கைகள். லாரி தடம் மாறி முந்தப் போனால் கை தானாக மடங்கிவிடும், கம்பிக்குக் கீழே திரும்பி வந்ததும் ஓட்டத்திலேயே மறுபடி எழும்பிப் பிடிக்கும். 90 கிலோமீட்டர் வேகம் வரை பிடிக்கும்படி செய்திருந்தார்கள். அந்தக் கை எழும்பிப் பிடிப்பதை ஒருமுறை பின்னாலிருந்து பார்த்தேன். பொறியும் இல்லை, உதறலும் இல்லை. பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது.

15 ஜனவரி

"பேட்டரிதான் மலிவாகிவிட்டதே, கம்பி எதற்கு?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி, நிதானமாகப் பார்ப்போம்.

40 டன் லாரி 80-ல் ஓட சுமார் 100 கிலோவாட் வேண்டும். 450 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போக வேண்டுமென்றால் 600 யூனிட் பேட்டரி. அதன் எடை கிட்டத்தட்ட 4 டன். கம்பி இருக்கும் பாதையில் 200 யூனிட் போதும், ஒன்றேகால் ஒன்றரை டன்னில் முடிந்துவிடும். ஆக இரண்டரை டன் குறைகிறது.

எடை குறைந்தால் மின்சாரம் எக்கச்சக்கமாக மிச்சமாகும் என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. சமதரையில் எடைக்கு வேலை இருப்பது டயர் உருளும் தடையில் மட்டும். 40 டன்னில் இரண்டரை டன் குறைத்தால் மொத்தச் செலவில் மூன்று, நான்கு சதவீதம் குறையும். மலைப்பாதையில் கொஞ்சம் கூடுதல், ஆனால் இறக்கத்தில் மோட்டார் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உண்மையான லாபம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அந்த இரண்டரை டன்னுக்கு லோடு ஏற்றலாம். மற்றொன்று, லாரிக்கு 400 யூனிட் பேட்டரி செய்யவே வேண்டாம்; அதற்கான லித்தியமும் செம்பும் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். சுரங்கம் தோண்டும் இடத்துத் தண்ணீர் என்ன ஆகிறது என்று அக்கறைப்படுகிறவர்கள் கம்பியை ஆதரிக்க இது ஒன்றே போதும்.

இன்னொன்று, பாதை முழுக்கக் கம்பி தேவையில்லை. கம்பிக்குக் கீழே ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டே 100 யூனிட் ஏற்றிக்கொண்டால் அடுத்த 80 கிலோமீட்டர் கம்பியில்லாமல் போகலாம். பாலம், சுரங்கப்பாதை, சந்திப்பு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். பிரிட்டனில் 2020-ல் வந்த ஓர் ஆய்வு 7,500 கிலோமீட்டர் சாலைக்குக் கம்பி கட்டினால் அந்நாட்டு லாரி ஓட்டத்தில் 65 சதவீதத்தை மின்சாரத்துக்கு மாற்றலாம், செலவு 19.3 பில்லியன் பவுண்டு, 15 வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று கணக்கிட்டது.

18 ஜனவரி

தாருக்கு அடியில் காயில் புதைத்து, தொடாமலேயே காந்தப்புலம் வழியாக வண்டிக்கு மின்சாரம் கொடுப்பது பற்றி. பார்க்க அழகு, கம்பமும் இல்லை கம்பியும் இல்லை, கார்களுக்கும் உதவும். மேல்கம்பி காருக்கு எட்டாது. கலிஃபோர்னியாவில் 1980-களில் தொடங்கிய முயற்சியில் கிடைத்த திறன் சுமார் 60 சதவீதம்தான். குமி பேருந்துகளில் அது 85 ஆனது, பேருந்தின் அடிக்கும் சாலைக்கும் நடுவில் 17 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்போதே. ஸ்வீடனின் காட்லண்ட் தீவிலும், இத்தாலியில் ஏ35 பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் வளையத்திலும், 2023-ல் டெட்ராய்ட் நகரத் தெரு ஒன்றிலும் இதைச் செய்து பார்த்தார்கள்.

எனக்கு இதில் இன்னும் தயக்கம் உண்டு. வாங்கும் மின்சாரத்தில் பத்துக்கு ஒரு பங்கு இடைவெளியில் வெப்பமாகப் போனால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வண்டிக்கும் போகிறது. தார் சில வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் புதிதாகப் போட வேண்டிய பொருள். அதற்குள் செம்பைப் புதைத்தால் ஒவ்வொரு முறையும் அதைக் காப்பாற்றிக்கொண்டு சுரண்ட வேண்டும். பேருந்து நிறுத்தத்திலும் துறைமுக வாசலிலும் புதைக்கலாம், அங்கே வண்டி நிற்கும் அல்லது ஊரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு என்றால் நான் கை தூக்க மாட்டேன்.

19 ஜனவரி

இனி தானோட்டம். புது யோசனை கிடையாது. 1997 ஆகஸ்டில் சான் டியேகோவில் ஐ-15 நெடுஞ்சாலையில் எட்டு பியூக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஆறரை மீட்டர் இடைவெளியில் ஓட்டிக் காட்டினார்கள். ஸ்டியரிங்கில் யாரும் கை வைக்கவில்லை. சாலையில் வரிசையாகப் புதைத்த காந்தங்களைப் பார்த்து கார் தன் தடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் மூன்று லாரிகளை 80-ல், ஐந்து மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஓட்டினார்கள்.

நெருங்கிப் போனால் பின்னால் வருகிறவருக்குக் காற்றுத் தடை குறையும், அது உண்மை. 80-ல் ஓடும் லாரிக்கு மொத்தத் தடையில் காற்றின் பங்கு நாற்பது சொச்சம் சதவீதம். அதில் கால்வாசி குறைந்தால் பின் லாரிக்குப் பத்து சதவீதம் மிச்சம். முன்னால் போகிறவருக்கு அவ்வளவு கிடைக்காது. இது சோதனைத் தடத்துக் கணக்கு. நிஜச் சாலையில் நடுவில் கார் நுழையும், தொடர் அறுபடும், மறுபடி சேர வேகம் பிடிக்க வேண்டும், பிடித்த மிச்சம் அதிலேயே போய்விடும். டைம்லர் நிறுவனம் வருடக்கணக்காகச் சோதித்துவிட்டு, எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை என்று 2019 ஜனவரியில் லாரித் தொடர் வேலையைக் கைவிட்டது.

20 ஜனவரி

நேற்றைய குறிப்புக்கு "லாரியை விடுங்க சார், கார்ல 160-ல ஒட்டிப் போகலாமே, அதுல மிச்சம் அதிகமாச்சே" என்று ஒரு பதில். இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது, அதனால் எண்களை முழுசாகவே போடுகிறேன்.

சாதாரண மின்சாரக் கார், எடை 1,800 கிலோ. உருளும் தடை எந்த வேகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். சக்கரத்தில் செலவாகும் சக்தி 100 கிலோமீட்டர் தூரத்துக்கு:

100 வேகத்தில் தனியாகப் போனால் சுமார் 13 யூனிட்.
130-ல் 19.
160-ல் 26.
200-ல் 38.

இப்போது 160-ல் தொடராகப் போகட்டும், காற்றுத் தடையில் முப்பது சதவீதம் குறையட்டும். தாராளமாகவே கொடுக்கிறேன். 20 யூனிட் வருகிறது. 100-ல் தனியாகப் போகிறவரைவிட இன்னும் பாதி கூடுதல்! வேகத்தைக் கூட்டாமல் 100-லேயே தொடராகப் போனால் 11-க்குக் கீழே இறங்கும். தானோட்டத்தால் மிச்சம் கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது, வேகத்தைத் தொடாதவரை. 160-ல் போகும் ஆசை வந்த நிமிடமே மிச்சம் மொத்தமும் போய், கையிலிருந்தும் போகிறது.

இதைப் பாதுகாப்பு அடிப்படையில் மறுக்க இனி வழி இருக்காது என்பதுதான் என் கவலை. இன்று வேக வரம்புக்குச் சொல்லும் முதல் காரணம் மனிதன் அவ்வளவு வேகமாகச் சுதாரிக்க மாட்டான் என்பது. கம்ப்யூட்டர் சுதாரிக்கும். அப்போது வரம்பை உயர்த்தச் சொல்லும் குரல்தான் பலமாகக் கேட்கும். நான் இருக்கும் நாட்டில் ஆட்டோபானுக்குப் பொது வேக வரம்பே இல்லை. 130 வெறும் பரிந்துரை. அதைச் சட்டமாக்கினால் வருடத்துக்கு 19 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறையும், 120 என்றால் 26 லட்சம், 100 என்றால் 54 லட்சம் என்று ஜெர்மன் சுற்றுச்சூழல் அலுவலகம் 2020-ல் கணக்கிட்டுச் சொன்னது. ஒரு மீட்டர் கம்பியும் கட்டாமல், ஒரு காந்தமும் புதைக்காமல் கிடைக்கக்கூடிய குறைப்பு. இன்றுவரை நடக்கவில்லை.

ஆகவே தானோட்டி நெடுஞ்சாலை வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் முதல் நாளே வேகத்தை 100 அல்லது 110-ல் மென்பொருளிலேயே பூட்ட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை.

20 ஜனவரி, இன்னும் ஒன்று

கம்ப்யூட்டரும் கேமராவும் இழுக்கும் மின்சாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோவாட் என்று வையுங்கள். 100-ல் ஓடினால் 100 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட், பெரிதாகத் தெரியாது. ஜாமில் 20-ல் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு ஐந்து யூனிட்.

26 ஜனவரி

"ஜாமே இருக்காது" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களுக்கு. வண்டிகள் நெருங்கி ஓடினால் அதே சாலையில் அதிக வண்டி கொள்ளும், சரி. இடம் இருக்கிறது என்று தெரிந்தால் இதுவரை ரயிலில் போனவர், வீட்டிலேயே இருந்தவர் எல்லாரும் வண்டியை எடுப்பார்கள். அதுவும் தூங்கிக்கொண்டே போகலாம் என்றால்?

சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 2018-ல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடிக்கும். சொந்தமாகத் தானோட்டிக் கார் அப்போது யாரிடமும் இல்லையே, அதனால் 13 பேருக்கு ஒரு வாரம் டிரைவர் வைத்துக் கொடுத்தார்கள். கார் அவர்களுடையதே. ஆளில்லாமலும் அனுப்பலாம், பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லலாம், சாமான் வாங்கி வரச் சொல்லலாம். கார்கள் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது. 13 பேர் என்பது குறைவு, அதை வைத்து ஒரு நாட்டையே அளக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்று காட்டப் போதும்.

என் அலுவலகத்திலேயே பார்க்கிறேன். வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்றான பிறகு, வாடகை குறைவு என்று 80, 90 கிலோமீட்டர் தள்ளிக் குடிபோனவர்கள் இருக்கிறார்கள். ஓட்டும் அலுப்பும் இல்லையென்றால் இன்னும் தள்ளிப் போவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு இருபது சதவீதம் மிச்சம் பிடித்து, கிலோமீட்டரை ஒன்றரை மடங்காக்கினால் கடைசியில் மின் மீட்டர் கூடுதலாகத்தான் ஓடும். லாரிக்கு இந்தத் தொல்லை குறைவு. தூங்கிக்கொண்டே போகலாம் என்பதற்காக யாரும் கூடுதல் சிமெண்ட் மூட்டை அனுப்புவதில்லை. ஆனால் டிரைவர் சம்பளம் இல்லாத லாரி ரயில் சரக்கைப் பிடுங்கும் ஆபத்து உண்டு. உருளும் தடையில் எஃகுச் சக்கரத்துக்கு முன்னால் ரப்பர் நிற்கவே முடியாது. ரயில் போகும் இடத்தில் சரக்கு ரயிலில்தான் போக வேண்டும்.

2 பிப்ரவரி

இந்தியா பற்றி நிறையக் கேள்விகள். நிதின் கட்கரி 2021-லிருந்து டெல்லி - ஜெய்ப்பூர் மின்சார நெடுஞ்சாலை பற்றிப் பேசி வருகிறார். தானோட்டத்தை அதில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். நம் லாரிகளின் சராசரி வேகத்தில் காற்றுத் தடை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வருமோ வராதோ. ஒட்டி ஓட்டினாலும் மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. டயரில் சரியான காற்று, அளவான லோடு, நல்ல சாலை, இந்த மூன்றும் அதைவிடப் பெரிது.

திருநெல்வேலியிலிருந்து எழுதிய தோழி சொன்னது முக்கியமான விஷயம். மேலே யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று நான் போட்டது வருடம் முழுவதற்கும் நாடு முழுவதற்குமான சராசரி. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழு வீச்சில் சுற்றும்போது கணக்கே வேறு. ஏற்கெனவே காற்று கொடுப்பதை எடுத்துக்கொள்ள ஆளில்லாத நேரத்தில் லாரி எடுத்துக்கொண்டால் அதற்குப் புகைக்கணக்கு கிட்டத்தட்ட இல்லை. பகல் சூரிய மின்சாரத்துக்கும் இதே நியாயம்.

கம்பிக்கு ஆதரவாக ஜெர்மனியில் போதுமான அளவு பேசப்படாத வாதமும் இதுதான். டிப்போவில் நிற்கும் லாரி இரவில் சார்ஜ் ஆகும், கம்பிக்குக் கீழே ஓடும் லாரி பகலில் வாங்கும். 2024-ல் இங்கே 457 மணி நேரம் மொத்தச் சந்தையில் மின்சார விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. அதில் பெரும்பகுதி வெயில் காலத்துப் பகல். அந்த நேரத்தில் ஏ5-ல் லாரிகள் டீசலை எரித்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

மறுபக்கம், மாலை ஆறு, ஏழு மணிக்கு வெயில் இறங்கிய பிறகும் கம்பி அதே அளவு கேட்கும். நெருக்கடியான தடத்தில் கிலோமீட்டருக்குப் பத்து லாரி என்றால், ஓட்டமும் சார்ஜும் சேர்த்து இரண்டு மெகாவாட்டுக்கு மேல். 100 கிலோமீட்டருக்கு, அனல்மின் நிலையத்தின் நடுத்தர அளவு ஜெனரேட்டர் ஒன்றின் முழு உற்பத்தி. பேட்டரி இருக்கும் லாரி என்பதால், கம்பி "இப்போது ஓட மட்டும் வாங்கு, ஏற்றாதே" என்று சொன்னால் பாதியாகக் குறைக்கலாம். அந்த ஏற்பாடு இல்லாமல் கம்பி மட்டும் கட்டினால் மாலை நேரத்து நிலக்கரிதான் லாபமடையும்.

3 பிப்ரவரி

சத்தம் குறையுமா என்றார் ஒருவர். நெடுஞ்சாலை வேகத்தில் கேட்பது பெரும்பாலும் டயர் தாரில் உரசும் சத்தம், எஞ்சின் சத்தம் அதில் அமுங்கிப்போகும். மின்சார வண்டியாலும் அது மாறாது. வேகம் குறைந்தால்தான் குறையும். டயர்த் தூளும் அப்படியே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு, டயரில் சேர்க்கும் ஒரு ரசாயனம் ஓசோனோடு சேர்ந்து மாறும் பொருளே காரணம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. ஓடும் கிலோமீட்டர் கூடினால் தூளும் கூடும்.

9 பிப்ரவரி

"அப்படியானால் ஜெர்மனி ஏன் நிறுத்தியது?" ஏ5 சோதனை 2024 முடிவோடு முடிந்தது, கம்பியைக் கழற்ற முடிவு செய்தார்கள். ஸ்வீடனும் ஹால்ஸ்பெர்க் - ஒரேப்ரூ நடுவில் இ20-ல் 21 கிலோமீட்டருக்கு நிரந்தர மின்சாலை போட டெண்டர் விட்டு, கேட்ட விலை அதிகம் என்று 2023-ல் நிறுத்தி வைத்தது.

தொழில்நுட்பம் தோற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. லாரி ஓடியது, கம்பி தாங்கியது. சிக்கல் வேறு. கம்பி 5 கிலோமீட்டர் இருந்தால் எவரும் லாரி வாங்கமாட்டார், லாரி இல்லாமல் எவரும் 4,000 கிலோமீட்டர் கம்பி கட்டமாட்டார். பேட்டரி லாரிக்கு இந்த முட்டுக்கட்டை இல்லை, ஒரு முதலாளி ஒரு சார்ஜரோடு நாளைக்கே தொடங்கலாம். பேட்டரி விலையும் அதற்குள் சரிந்துவிட்டது. கம்பிக்கு அரசு பத்து வருடம் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும், ஐரோப்பாவில் பக்கத்து நாடுகளும் அதே கம்பியைக் கட்டியிருக்க வேண்டும். நிற்கவில்லை, கட்டவில்லை.

எனக்கு இதில் வருத்தம்தான். துறைமுகத்திலிருந்து சரக்கு முனையம் வரை, சுரங்கத்திலிருந்து ஆலை வரை, ஒரே பாதையில் நாள் முழுக்க லாரி ஓடும் இடங்களில் கம்பி இன்றைக்கும் சரியான தீர்வு என்றே நினைக்கிறேன். அங்கே சின்ன பேட்டரி, பகல் மின்சாரம், 80 கிலோமீட்டர் வேகம், டிரைவர் இருக்கையில் ஒரு மனிதர், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இந்தியாவில் அப்படிப்பட்ட பாதை எது என்று தெரிந்தவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எவ்வளவு தூரம், ஏற்றம் எவ்வளவு என்ற விவரத்தோடு எழுதுங்கள். மேலே போட்ட கணக்கை அந்தப் பாதைக்கே போட்டுப் பார்ப்போம்.